கம்பெனி செய்த தப்புக்கு விவசாயி ஏன் பில் கட்டணும்?



விதை முளைக்கவில்லை என்றால் விதைக் கடையில் போய்ச் சண்டை பிடிக்கிறோம். கரண்ட் வரவில்லை என்றால் மின்வாரிய ஆபீஸ் வாசலில் உட்காருகிறோம். கடன் வாங்கி எடுத்த பிக்கப் வண்டி நடுரோட்டில் நின்றால் மட்டும் "நம்ம நேரமுங்க" என்று சொல்லி, கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அந்தப் பழுது தொழிற்சாலையிலேயே உண்டானதாக இருந்தால்?

2021ல் மகிந்திரா கம்பெனி 29,878 பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஃப்ளூயிட் பைப் சரியாகப் பொருத்தப்படாமல் இருக்கலாம் என்ற சந்தேகம். பார்த்து மாற்றித் தரக் காசு கிடையாது. அதே வருஷம் நம்ம தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்பீல்டு 2,36,966 மோட்டார் சைக்கிள்களை இக்னிஷன் காயிலுக்காக அழைத்தது. இதற்குப் பேர்தான் ரீகால். அழைத்ததைக் குறை சொல்லவில்லை. அந்தச் சேதி நம்ம தோட்டத்துக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

வராது. திருப்பூரில் பனியன் லோடு அடித்த வண்டியை ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி ஏத்த வாங்குகிறோம். ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாத்துவதில்லை. சேதி பழைய ஓனர் போனுக்குப் போய் அங்கேயே முடிந்துவிடுகிறது. நம்ம சங்கத்து உறுப்பினர் ஒருவர் பிரேக் கோளாறுக்கு மூன்று தடவை பில் கட்டிவிட்டு, "ரீகால் ஏதாச்சும் இருக்குதுங்களா தம்பி" என்று கேட்டிருக்கிறார். "வாரண்டி முடிஞ்சு போச்சுங்கண்ணா" என்று அனுப்பிவிட்டார்கள். நம்பரைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாரண்டி வேறு, ரீகால் வேறு!

1972ல் நாராயணசாமி நாயுடு காலத்தில் மாட்டு வண்டிகளாலேயே கோவையை நிறைத்தோம். அன்று அச்சு முறிந்தால் ஊர் ஆசாரியைக் கேட்கலாம். இன்று வண்டிக்குள் இருப்பது செய்தவனுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் இதற்கு 1966லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110ஏ பிரிவு வந்து, 2021 ஏப்ரலில்தான் விதி அமலானது. வண்டிக்காரர்களின் புகார் குறிப்பிட்ட கணக்கைத் தொட்டால் அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம். ஆனால் 7 வயதுக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும். ஏழு வருஷம் ஓடிய பிறகுதானே பல வண்டி நம்ம கைக்கே வருகிறது! இதை எழுதினவர் சந்தைக்கு லோடு கொண்டு போனவராக இருக்க முடியாது.

வயது வரம்பை எடு என்கிறோம். இன்னொன்றும் கேட்கிறோம். லோடு வண்டி என்றால் 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷாவருஷம் எப்.சி. காட்டியாக வேண்டும். காட்டும் இடத்திலேயே சேசிஸ் நம்பரைப் போட்டுப் பார்த்து, ரீகால் பாக்கி இருந்தால் கொண்டு வந்தவர் கையில் எழுதிக் கொடுக்கட்டும். அரசுக்கு இதில் பெரிய செலவில்லை.

பழைய வண்டி வாங்கினால் உடனே பேர் மாத்துங்க. ஷோரூமில் சேசிஸ் நம்பரைச் சொல்லி, பதிலை எழுத்தில் கேளுங்க. தர மறுத்தால் பில்லையும் ஆர்.சி. நகலையும் சங்கத்துக்குக் கொண்டு வாங்க. எல்லாத்தையும் சேர்த்துக் கட்டி, மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் கலெக்டர் மேஜை மேல் வைப்போம்.