பெயர் மாற்றினால் கொலை அறமாகுமா?

கொல்லுங் கருவிக்கு இனிய பெயர் சூட்டுவது வல்லரசுகளின் வழக்கம். 1945 ஆகத்து 6-ஆம் நாள் இரோசிமா நகரை எரித்த குண்டிற்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'சின்னப் பையன்'! மூன்று நாள் கழித்து நாகசாகியை எரித்த குண்டிற்குத் 'தடியன்' என்று பெயர். அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டோர், அவ்விரு நகராட்சிகளின் கணக்குப்படி, 2 இலக்கத்திற்கு மேற்பட்டவர். விளையாட்டுப் பிள்ளையின் பெயரை இடுகாட்டின்மேல் எழுதிய கொடுமையை என்னென்பது?

1946-இல் பிகினித் தீவினர் 167 பேரை அமெரிக்கப் படையினர் வேறு தீவிற்குப் பெயர்த்தனர். மாந்தர் நலத்திற்காகவே இஃது என்று அவர்களிடம் கூறப்பட்டது. பெயர்க்கப்பட்ட மண்ணிலோ குண்டுகள் வெடித்தன. 1954 மார்ச்சு 1-ஆம் நாள் ஆங்கு வெடித்த நீரியக் குண்டு, இரோசிமாக் குண்டினும் ஏறத்தாழ ஆயிர மடங்கு வலியது. அதற்கும் 'ஆய்வு' என்றே பெயர். தொலைவில் மீன்பிடித்துக் கொண்டிருந்த 'ஐந்தாம் புக்குரியு மாரு' என்னும் சப்பானியப் படகின்மேல் நச்சுச் சாம்பல் மழைபோற் பெய்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். அவருள் குபோயாமா என்பார் அவ்வாண்டு செபுதம்பர் 23-ஆம் நாள் உயிர்நீத்தார்.

அரசுகள் சொல்லாடிக் கொண்டிருந்த அவ்வேளையில் எழுந்தவர் யாவர்? படைத்தலைவரல்லர், அமைச்சருமல்லர். தோக்கியோ நகரின் சுகினாமிப் பகுதியில் வாழ்ந்த இல்லத்துப் பெண்டிரும் மீன் விற்போருமே எழுந்தனர். நஞ்சேறிய மீனென்று அஞ்சி மக்கள் வாங்க மறுத்தமையால் மீன்கடைகள் வெறிச்சோடின. பிள்ளைகட்கு எதை ஊட்டுவது என்று தாய்மார் கலங்கினர். பொதுமன்றத்தில் கூடி நூல் படித்து வந்த பெண்டிர், அம்மன்றத் தலைவராகிய சட்ட அறிஞர் யாசுயி கவோருவுடன் சேர்ந்து, அணுக்குண்டை ஒழிக்கக் கையொப்பம் திரட்டத் தொடங்கினர். 1954 மேத் திங்களில் ஒரு பகுதியில் தொடங்கிய அம்முயற்சி, அடுத்த ஆண்டு ஆகத்திற்குள் 3 கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களை ஈட்டியது. அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஒப்பமிட்டனர் என்க.

1955 ஆகத்து 6-ஆம் நாள் இரோசிமாவில் குண்டெதிர்ப்பு உலக மாநாடு கூடியது. குண்டு பட்டும் உயிர்பிழைத்தோர் அதுவரை வாய்திறவாது வாழ்ந்தனர். அயற்படையின் தணிக்கை ஒருபுறம். மணமும் வேலையும் மறுத்த சொந்த மக்களின் புறக்கணிப்பு மறுபுறம். மாநாட்டில் தம் நோவை அவர்களே எடுத்துரைத்தனர். அடுத்த ஆண்டு ஆகத்து 10-ஆம் நாள் நாகசாகியில் 'நிகோன் இடாங்கியோ' என்னும் அமைப்பைக் கண்டனர். 2024-ஆம் ஆண்டின் நோபெல் அமைதிப் பரிசு அவ்வமைப்பையே நாடி வந்தது.

சொல்லின் ஆற்றலை அறிந்த நம் தோழர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குண்டு பட்டோரைக் குறிக்கும் சப்பானியச் சொல் 'இபாக்குசா' என்பது. அவர்கள் அதனை வேற்றுமொழிக்கு அடகு வைத்திலர். உலக அவைகளிலெல்லாம் அச்சொல்லாலேயே தம்மைக் கூறிக்கொண்டனர். 2017 சூலை 7-ஆம் நாள் 122 நாடுகள் ஏற்ற அணுப்படைக்கலத் தடை ஒப்பந்தத்தின் முகப்புரையில் அச்சொல் அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. தாய்மொழிச் சொல்லொன்று உலகச் சட்டத்துள் சான்றாகப் புகுந்து நிற்கின்றது! அவ்வொப்பந்தம் 2021 சனவரி 22 முதல் செயற்பாட்டிற்கு வந்துள்ளது.

'குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளும் அதில் சேரவில்லையே. தாளில் எழுதி என்ன பயன்?' என்பார் உளர். உண்மை, சப்பானிய அரசே சேரவில்லை. அமெரிக்க 'அணுக்குடை'யின்கீழ் நிற்பதாக அது கூறிக்கொள்கின்றது. எரிப்பதைக் குடையென்னும் பொய்ம்மையைக் காண்க! ஆயினும் 1963-இல் அமெரிக்காவும் பிரித்தனும் சோவியத்து ஒன்றியமும் நிலத்தின் மேலும் நீருள்ளும் வானத்தும் குண்டு வெடிப்பதில்லை என ஒப்பமிட்டன. உலகெங்கும் எழுந்த மக்கள் எதிர்ப்பு அதற்கொரு கரணியம். கையொப்பம் குண்டை உடைக்காது. குண்டு வைத்திருப்பான் முகத்தில் நாணத்தை ஏற்றும். அதுவே முதற்படி.

தில்லியும் இதில் தூயதன்று. 1974 மே 18-ஆம் நாள் பொக்ரானில் வெடித்ததை 'அமைதி வழி வெடிப்பு' என்றனர். கொல்லாமை கூறிய புத்தர் பெயரை அதற்குக் குறிப்பெயராக்கினர். 1998-இல் அங்கேயே மீண்டும் வெடித்தபோது அமைதியென்னும் போர்வையும் நழுவிற்று.

இபாக்குசாக்கள் தொகை 2025-இல் ஓரிலக்கத்திற்குங் கீழ் இறங்கியது. அவர்தம் அகவையின் நடுவளவு 86. அவர்கள் மறைந்தபின் இக்கொடுமையைக் கண்டு கூறுவோர் இரார். எஞ்சுவது சொல் மட்டுமே. ஆதலின் ஆசிரியர்கள் வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கூறுக. பெற்றோர் இல்லத்தில் கூறுக. கூறுங்கால் குடையென்றும் ஆய்வென்றும் கூறற்க. கொலைக்கருவியைக் கொலைக்கருவி என்றே கூறுக. சொல்லைத் தூய்மை செய்யப் புறப்பட்ட நமக்கு இதுவும் கடனே.