பாடப் புத்தகத்தில் கொசு! பள்ளி மாடியிலும் கொசு!

மழை ஓய்ந்தால் போதும். சென்னையில் அடுத்து டெங்கு காய்ச்சல்! ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். புகை அடிக்கும் வண்டி தெருவுக்குள் வரும், போகும். கொசு மட்டும் போவதில்லை!

உயிரியல் பாடத்தில் மாணவன் என்ன படிக்கிறான்? "ஏடிஸ் எஜிப்டி" என்று மனப்பாடம் செய்கிறான். பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறான். அதே ஏடிஸ் தன் பள்ளி மொட்டை மாடியில், உடைந்த வாளியில் குடும்பம் நடத்துவது அவனுக்குத் தெரியாது!

இதை மாற்ற வழி உண்டு. பாடத்தைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்காமல், பிரச்சினையை முதலில் கையில் கொடுப்பது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் டாக்டர் படிப்பையே இப்படித்தான் ஆரம்பித்தது. நம்ம ஒன்பதாம் வகுப்புக்கு ஏன் கூடாது?

"நம் தெருவில் டெங்கு ஏன் வருகிறது? கண்டுபிடி!" இதுதான் கேள்வி. ஐந்து பேருக்கு ஒரு செல்போன் போதும். கொட்டாங்குச்சி, பழைய டயர், பூந்தொட்டி, பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு என்று தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் படம் எடுக்கட்டும். செல்போன் வரைபடத்தில் புள்ளி வைக்கட்டும். எங்கே எத்தனை புழு என்று வாராவாரம் பள்ளிக் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றட்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் 2014-ல் வெளியிட்ட காகித மைக்ராஸ்கோப்பை செல்போனோடு சேர்த்தால், புழுவின் மூச்சுக்குழலே தெரியும்.

அப்போது பிள்ளைகளே கேட்பார்கள்: "தண்ணியைக் கொட்டிட்டோமே சார், மறுபடி எப்படி வந்தது?"

அங்கேதான் பாடம்! ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீர் பட்டால் பொரியும். ஆகவே கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக 8, 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறக்குமா?

"செல்போன் கொடுத்தால் சினிமா பார்ப்பான். போர்ஷனும் முடியாது" என்பார்கள். நியாயமான பயம்தான். அடிப்படையைச் சொல்லித் தராமல் பிள்ளைகளைத் தெருவில் விட்டால் கூத்துதான் நடக்கும். ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு பாடம், ஒரு மாதம் போதும்.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. குப்பை அள்ளுவது பிள்ளைகள் வேலையல்ல, உங்கள் வேலை! பிள்ளைகள் தரும் பட்டியலை வார்டு ஆபீஸ் கையில் வாங்கி, ஒரு வாரத்தில் அந்த இடங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். பட்டியல் மேஜை டிராயரில் தூங்கினால், பிள்ளைகள் வேறொரு பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்!