கொதித்தாறிய நீர் பருகுங்கள் என்று சொன்னால் போதுமா?

விடுதியிலிருந்து வீடு திரும்பும் நோயாளரிடம் நாம் தவறாது கூறும் வாசகம் ஒன்று உண்டு: "கொதித்தாறிய நீரையே பருகுங்கள்." சிறுநீரகக் கல் உள்ளவராயின் நாளொன்றுக்கு இரண்டரை, மூன்று லீற்றர் என்று அளவையும் சேர்த்துச் சொல்வோம். சில மாதங்களுக்கு முன் வலிகாமத்திலிருந்து வந்த தாயார் ஒருவர், மகனின் மருந்துச்சீட்டை மடித்தபடியே எம்மிடம் கேட்டார்: "டொக்டர், எங்கட கிணத்துத் தண்ணி மண்ணெண்ணெய் மணக்குது. நல்லாக் கொதிக்க வைச்சால் மணம் குறையுது. அதைக் குடுக்கலாம்தானே?"

அவர் எமது அறிவுரையைப் பிசகாது பின்பற்றியிருந்தார். பிழை எம்முடையது.

கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும். நெருப்புக் காய்ச்சல், வயிற்றோட்டம், செங்கமாரி ஆகியவற்றுக்கு எதிராக அதைவிட எளிய காவல் இல்லை. ஆனால் எண்ணெய் கிருமியன்று. எண்ணெய் கலந்த நீரைக் கொதிக்கவைத்தால் அதன் ஆவியாகும் பகுதி அடுக்களைக் காற்றில் கலந்து, அடுப்பருகே நிற்பவரின் நுரையீரலுக்குச் செல்கிறது. ஆவியாகாத கனமான பகுதி பானையிலேயே தங்கிவிடுகிறது. குளோரின் இடுவதாலும் எண்ணெய் நீங்காது. எமது குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழிகளாலும் சேரும் நைத்திரேற்றின் கதை இன்னும் மோசம். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்போர் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அத்தாயாரின் வீட்டில் எண்ணெய் எங்கிருந்து வந்தது? கிணற்றுக் கட்டின் ஓரமாக மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரமும், அருகே பழைய இரும்புப் பரலொன்றும் இருந்தனவாம். பரலின் வெளிப்பூச்சு நன்றாகவே இருந்ததாம். நீர் எண்ணெயைவிடக் கனமானது ஆகையால் பரலுக்குள் சேரும் ஈரம் அடியிலே தங்கி, இரும்பை உள்ளிருந்தே அரிக்கிறது. குளிர் நாடுகளிலும் இதே துன்பம் உண்டு. கனடாவின் கிழக்கு மாகாணங்களிலும் பிரித்தானியக் கிராமப்புறங்களிலும் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கென ஆயிரம் லீற்றர் அளவு கொள்ளும் தாங்கிகளை வைத்திருக்கின்றனர். அவை அடியில் துருப்பிடித்துக் கசிந்தால், வீட்டின் அத்திவாரம் வரை மண்ணைத் தோண்டி அகற்ற நேர்வதுண்டு. அங்கே குழாய்நீர் உள்ளவர்கள் மண்ணை மட்டும் இழப்பர். எமக்கோ ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையில் தங்கி நின்றால்தான் கிணறு. அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள் எண்ணெய் இறங்கினால் அயல்வீட்டுக் கிணற்றுக்கும் வேலி தடையாகாது.

சுன்னாகம் இதற்குச் சான்று. 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் அப்பகுதி மக்கள் கிணறுகளில் எண்ணெய் கண்டு வீதிக்கு வந்தனர். ஆய்வறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. எதை நம்புவதென்று தெரியாமல் மக்கள் தவித்தனர். 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், மண்ணும் நிலத்தடி நீரும் மாசடைந்தமைக்காக 2 கோடி ரூபாய் வழங்குமாறு அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அக்காலத்தில் எமது துறையினர் மக்களுக்குத் தெளிவாகப் பேசியது போதாது என்பது எமது கருத்து.

கிணற்றில் எண்ணெய் மணந்தால், அல்லது நீர்மேல் வானவில் நிறப்படலம் தென்பட்டால், அந்நீரைப் பருகுவதையும் சமைப்பதையும் அன்றே நிறுத்துங்கள். அதில் குளிப்பதும் வேண்டாம். தோல் வறண்டு எரியும், ஆவி தலைவலியும் குமட்டலும் தரும். கிணற்றை இறைத்து வெறுமையாக்கினால் சரியாகிவிடும் என்று பெரியோர் கூறுவர். அப்படிச் செய்தால் சுற்று மண்ணிலுள்ள எண்ணெயையும் கிணறு தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கசிந்த இடத்தில் நீரூற்றிக் கழுவாதீர்கள், சவர்க்காரத் தூளும் இடாதீர்கள். இரண்டும் எண்ணெயை ஆழத்துக்கே அனுப்பும். மணலோ மரத்தூளோ இட்டு உறிஞ்சச் செய்து, நனைந்த மண்ணை வெட்டியெடுத்துப் பொலித்தீன் விரிப்பின்மேல் மழைபடாது மூடிவையுங்கள். எரிக்க வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, நீரைப் பரிசோதிக்குமாறு எழுத்தில் கேளுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்ப வேண்டும். காற்றிடைவெளி இருந்தால் தேடுகின்ற பொருளே ஆவியாகிவிடும்.

மணம் நின்றுவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிட வேண்டாம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், மூக்கு அதை உணர்வதற்கு அதைவிடப் பன்மடங்கு வேண்டும். பென்சீன் மண்ணெண்ணெயில் சிறிதளவும் பெற்றோலில் கூடுதலாகவும் உண்டு. நெடுங்காலம் உட்சென்றால் குருதிப் புற்றுநோய்க்குக் காரணமாகும். ஆயினும் சில நாள் அறியாது பருகிவிட்டோர் அதையெண்ணி உறக்கம் இழக்க வேண்டியதில்லை. "இரத்தம் சோதிக்கலாமா?" என்று பலர் கேட்கின்றனர். பெரும்பாலும் உங்கள் இரத்தத்தைவிட உங்கள் கிணற்றைச் சோதிப்பதே பயன் தரும்.

அத்தாயார் இப்போது பிரதேச சபையின் தாங்கி நீரைப் பெறுகிறார். மகனின் மூன்று லீற்றருக்காக நாள்தோறும் குடத்துடன் காத்திருக்கிறார். எமது சிகிச்சை நிலையத்தில் நோயாளர் விபரம் பதியும்போது "வீட்டுக்கு நீர் எங்கிருந்து வருகிறது, அதன் அருகே எண்ணெய் வைத்திருக்கிறீர்களா?" என்று இனி நாம் கேட்போம். நாம் மறந்தால் நீங்களே சொல்லுங்கள்.