கோளாறு டிவிக்குள்ளயா, வெளியிலயா?

இன்றைக்குக் கொஞ்சம் டிவி புராணம்.

போன தீபாவளி லீவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் இருக்கும் அப்பத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே சேதி: "டிவி செத்துப்போச்சுய்யா." ஒரு வாரமாகப் படம் கட்டம் கட்டமாக உடைகிறதாம், திடீரென்று அப்படியே நின்றுவிடுகிறதாம். வந்து பார்த்த மெக்கானிக் ரெண்டே நிமிஷத்தில், "போர்டு போயிருச்சு, 4500 ரூபா ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பத்தா ஆட்டுக்குட்டியை விற்கிற முடிவில் இருந்தது. தாத்தா போன பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரல் என்று கேட்பது டிவியில்தான்.

நான் ஒன்றும் பெரிய இன்ஜினியர் இல்லை (அரியர் இன்னும் பாக்கி :-)). டிவி ரிமோட்டில் மெனு பட்டனை அமுக்கினேன், அவ்வளவுதான். மெனு பளிச்சென்று வந்தது. அந்த மெனுவை வரைவது டிவியேதான். அது சுத்தமாக வந்தால் ஸ்கிரீனில் கோளாறு இல்லை. அடுத்து செட்டாப் பாக்ஸின் மெனு. அதுவும் பளிச். அப்படியென்றால் பாக்ஸிலிருந்து டிவி வரைக்கும் படம் ஒழுங்காக வருகிறது. மிச்சம் இருப்பது வெளியிலிருந்து வரும் கேபிள். மாடி ஏறிப் பார்த்தால், டேப் சுற்றிய ஜாயின்ட்டில் மழைத்தண்ணி இறங்கிப் பச்சைக் களிம்பு! கேபிள்கார அண்ணன் வந்து நுனியை வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டார். செலவு 50 ரூபாய். ஆடு பிழைத்தது.

யோசித்துப் பார்த்தால் இது நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. கொடைக்கானல் டவரிலிருந்து தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் திண்டுக்கல் வட்டாரத்தில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆன்டெனா. அப்பா மேலே ஏறி மேற்கே திருப்புவார், சித்தப்பா கீழே நின்று "தெரியலண்ணே... இப்ப தெரியுது... ஐயோ போச்சு!" என்று கத்துவார். புள்ளி புள்ளியாக இரைந்தால் சிக்னல் பலவீனம். ஒரே ஆள் ரெண்டாகத் தெரிந்தால், மலையிலோ கட்டிடத்திலோ மோதித் திரும்பிய சிக்னலும் சேர்ந்து வருகிறது. 300 மீட்டர் சுற்றி வந்தால் ஒரு மைக்ரோ செகண்ட் தாமதம். திரையில் அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். கணக்குத் தெரியாமலேயே படத்தைப் பார்த்து நோயைச் சொன்னார்கள்.

2021-22ல் தூர்தர்ஷன் பெரும்பாலான அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டது. ஆனால் படம் பேசுவதை நிறுத்தவில்லை. கட்டம் கட்டமாக உடைந்தால் பெரும்பாலும் சிக்னல்தான். டிஷ் வைத்த வீட்டில் பெருமழையில் மட்டும் படம் போனால், அது மழையின் வேலை, விட்டதும் வந்துவிடும். சத்தம் வருகிறது, படம் கருப்பு என்றால் இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். லேசாகப் படம் தெரிந்தால் போனது பின்னால் இருக்கும் விளக்கு. பேனல் நன்றாக இருக்கிறது. விளக்குப் பட்டையை மாற்ற ஆகும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

2006க்கு அப்புறம் அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவியை மண்டையில் தட்டித்தான் படம் வரவைப்பார் தாத்தா. தட்டினால் வருகிறது என்றால் உள்ளே ஏதோ ஒரு ஈயப்பற்று விட்டிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி பற்றவைத்தால் முடிந்தது. ஆனால் அதை நீங்கள் செய்யாதீர்கள். பழைய ட்யூப் டிவிக்குள் 20,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் தங்கும். எந்த டிவியானாலும் பின்மூடியைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்த மெக்கானிக்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பைக்குப் பெட்ரோல் போட்டு வந்து, பொறுமையாகப் பார்த்து, "டிவி நல்லாத்தான் இருக்கு, கேபிளைப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் என்ன கொடுத்திருப்போம்? ஒரு டம்ளர் காபி. போர்டு மாற்றினால் மட்டும் காசு, கண்டுபிடித்துச் சொன்னால் காசு இல்லை என்று வைத்திருப்பது யார்? நாம்தானே! டாக்டர் ஊசியே போடாமல் அனுப்பினாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். டிவிக்காரர் மட்டும் ஓசியில் பார்க்க வேண்டுமா?

அதனால் ரெண்டு வேண்டுகோள். ஒன்று, மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்னால் ரெண்டு மெனுவையும் போட்டுப் பாருங்கள், வயரை ஒருமுறை அழுத்திச் செருகுங்கள். ரெண்டு, அவர் வந்தால், "பார்த்துச் சொல்றதுக்குத் தனியாத் தந்துடுறோம்ணே, கோளாறு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூறோ இருநூறோ போகும். 4500 மிச்சமாகலாம்.

அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் சரி, சீரியல் போட்டுட்டான், தள்ளி உக்காரு" என்றது.