காலி டேங்கே கொடியது

மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆயினும், தகப்பனார் ஓட்டிய அந்தக் காரை விற்க மனமின்றிக் காத்துவரும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அதன் பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகும்போது, "காலி செய்து வெல்டிங் வைத்துவிடலாம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அதற்கு இணங்காதிருங்கள். நிறைந்த டேங்கைப் பார்க்கிலும் காலியான டேங்கே கொடியது. அதற்குள் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து நிற்கிறது. ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

ஆகையால் மாற்று டேங்கையே பொருத்துங்கள். முதலாவது, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். பெட்ரோலைத் திறந்தவெளியில் வடித்தெடுங்கள்; அதன் ஆவி காற்றிலும் கனமானது, தாழ்ந்த இடத்தில் தங்கும். புதிய டேங்கின் மிதவைக்குப் புதிய கேஸ்கட் வையுங்கள். எர்த் இணைப்பு சரியாயிராவிடில் பெட்ரோல் முள் பொய் சொல்லும். காற்றுக்குழாய் அடைபட்டால் வண்டி பாதிவழியில் நின்றுவிடும். இந்நாட்களில் விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கக்கூடும், அவற்றையும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, சில லிட்டர் ஊற்றி, ஓர் இரவு வெளியே நிறுத்தி, ஒழுக்கில்லை என்று கண்டபின்பே பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளுங்கள்.