அலியும் மார்சியானோவும் மோதினால் ஜெயிப்பது யார்?

அந்தக் காலத்து வீரர் பெரியவரா? இந்தக் காலத்து வீரர் பெரியவரா? இந்த வாக்குவாதம் நடக்காத வீடு இல்லை. தகப்பனார் ஒரு பெயரைச் சொல்வார். மகன் வேறு பெயரைச் சொல்வான். விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது.

குத்துச்சண்டையில் இதற்கு முடிவு கட்ட அமெரிக்காவில் ஒருவர் கிளம்பினார். அவர் பெயர் மர்ரே வொரோனர். வானொலித் தயாரிப்பாளர். கம்ப்யூட்டரையே அவர் நடுவர் ஆக்கினார்!

தோல்வி அறியாதவர்கள்

ராக்கி மார்சியானோ 49 சண்டை போட்டார். 49-லும் வெற்றி! உலக சாம்பியனாகவே 1956-ல் ஓய்வு பெற்றார்.

முகமது அலி 1964-ல் சாம்பியன் ஆனார். வியட்நாம் போருக்காகப் பட்டாளத்தில் சேர மறுத்தார். அதனால் 1967-ல் பட்டம் பறிபோயிற்று. மேடை ஏறவும் வழி இல்லை. அதுவரை அவரும் தோற்றது இல்லை.

1969-ல் இருவரும் மோதுவதுபோல் நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். மார்சியானோவுக்கு வயது 45. உடம்பை இளைக்க வைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். அலிக்கு 27. பல விதமான முடிவுகள் படமாக்கப்பட்டன. ஜெயிப்பது யார் என்று அவர்களுக்கே தெரியாது.

1970 ஜனவரியில் படம் வெளிவந்தது. 13-வது ரவுண்டில் அலி விழுந்தார். மார்சியானோவுக்கு வெற்றி! ஆனால் ஐரோப்பாவில் காட்டிய படத்தில் ஜெயித்தவர் அலி! ஒரே சண்டை, ஊருக்கு ஒரு தீர்ப்பு.

எந்தத் தீர்ப்பையும் மார்சியானோ பார்க்கவில்லை. 1969 ஆகஸ்டு 31-ந் தேதி விமான விபத்தில் அவர் இறந்து போனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்த நாள்.

நிஜமாகவே மோதினால்?

கம்ப்யூட்டர் கிடக்கட்டும். இரு காலத்து வீரர்கள் நிஜமாகவே மோதியதும் உண்டு.

ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை உலக சாம்பியன். கடன் தொல்லையால் மீண்டும் மேடை ஏறினார். 1951-ல் 37 வயதில் மார்சியானோவுடன் மோதினார். 8-வது ரவுண்டில் விழுந்தார். ஜெயித்த மார்சியானோ என்ன செய்தார் தெரியுமா? உடை மாற்றும் அறையில் அழுதார்! லூயிஸ் அவர் போற்றி வந்த வீரர்.

அலிக்கும் இதே கதிதான். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டு அரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிச் சண்டை போட்டார். அதே ஆண்டு அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்சிடம் தோற்றார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியுடன் பயிற்சிச் சண்டை போட்டவர்.

இதனால் லூயிசும் அலியும் சிறியவர்கள் ஆகிவிட்டார்களா? இல்லையே!

மலை சொல்லும் பாடம்

காலம் மாறினால் சண்டையும் மாறுகிறது. 1915-ல் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் மோதியபோது 45 ரவுண்டு என்று பேச்சு. 26-வது ரவுண்டில்தான் ஜான்சன் விழுந்தார். அலி காலத்துப் பட்டச் சண்டைக்கு 15 ரவுண்டு. இன்றோ 12 ரவுண்டுதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் கல்வராயன் மலையில் வெள்ளிமலை இருக்கிறது. சாலை வராத காலத்தில் அங்கிருந்தவர்கள் புளியையும் கடுக்காயையும் தலையில் சுமந்து மலை இறங்கினார்கள். இன்று பேரன் பஸ் ஏறிப் படிக்கப் போகிறான். தாத்தாவின் கால் பலம் பேரனுக்கு இல்லை. பேரனின் படிப்பு தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. இதில் யார் உசத்தி?

வீரர்களுக்கும் இதே நியாயம்தான். எதிரே வந்தவர்களோடுதான் ஒருவர் மோத முடியும். வந்தவர் எவரையும் மார்சியானோ விடவில்லை. கொள்கைக்காக மூன்று ஆண்டுகளை இழந்த அலி, 1974-ல் ஜார்ஜ் போர்மேனை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார்.

அவரவர் காலத்தில் அவரவர் செய்தது என்ன? அதைத்தான் கேட்க வேண்டும். தகப்பனார் சொல்லும் வீரரின் கதையை மகன் கேட்கட்டும். மகன் சொல்லும் வீரரின் சண்டையைத் தகப்பனார் பார்க்கட்டும். வீட்டுச் சண்டையில் இருவருக்கும் வெற்றி!