எடைக்குப் போகும் கை மிஷின்

விருதுநகர் மாவட்டத்தில் தளவாய்புரம் என்றால் நைட்டி. பக்கத்துச் செட்டியார்பட்டி, முகவூர் வரைக்கும் பவர் மிஷின் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்பு, தரையில் சம்மணமிட்டு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் துணியைத் தள்ளித் தைத்த கை மிஷின்கள் பல வீடுகளில் இன்று பரணில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போதுதான் அவற்றை இறக்குகிறார்கள். பழைய இரும்புக் கடைத் தராசில் பத்துப் பன்னிரண்டு கிலோ நிற்கும். சில நூறு ரூபாய் கிடைக்கும். அந்த விலைக்கு விற்பது பெரிய நஷ்டம்.

அப்படி இறக்கிய ஒரு சிங்கர் மிஷினைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். கறுப்பு எனாமலின் மேல் பொன்னிறக் கொடிகள். சிலவற்றில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட எகிப்திய உருவம். ஊசித் தட்டுக்கு அருகே உள்ள தகட்டைத் தள்ளினால், பழைய மாடலாக இருந்தால் தோட்டா வடிவ ஷட்டில் ஒன்று உள்ளே படுத்திருக்கும். நீளமான பாபின் அதற்குள் செருகியிருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் ஷட்டில் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். சக்கரம் இறுகியிருந்தாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகிப் போயிருக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் பல மிஷின்கள் ஓடிவிடும். இன்று கடையில் விற்கும் சாதாரண ஊசியே பலவற்றுக்கும் பொருந்தும்.

பட்டாசுத் தொழில் சிவகாசியில் வேரூன்ற ஒரு காரணம் இந்தப் பக்கத்தின் வறண்ட காற்று. அதே காற்று இரும்பையும் காக்கிறது. கடலோர ஊர்களில் துரு தின்றுவிடும் மிஷின், கரிசல் காட்டு வீட்டில் பொன்வேலை மங்காமல் கிடக்க வாய்ப்பு அதிகம்.

மிஷின் உடம்பில் பொறித்திருக்கும் எண்தான் அதன் ஜாதகம். எஃப், ஒய் என்ற எழுத்திலோ, ஈ-யில் தொடங்கும் இரண்டு எழுத்திலோ அந்த எண் ஆரம்பித்தால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் பிறந்தது. 1885-ல் திறந்து 1980-ல் மூடப்பட்ட அந்த ஆலை, 1913-ல் மட்டும் 13 லட்சம் மிஷின்களுக்கு மேல் செய்தது. எண்ணை வைத்தே எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம்.

13 லட்சம் என்ற கணக்கிலேயே விலையைப் பற்றிய உண்மையும் இருக்கிறது. இவ்வளவு செய்த பொருள் அபூர்வமாக இருக்க முடியாது. வெளிநாட்டில் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குவது 1933-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான ஃபெதர்வெயிட் போன்ற சில மாடல்களைத்தான். அலுமினிய உடம்பு, சுமார் 5 கிலோ எடை. ஓடும் நிலையில் இருந்தால் சில நூறு டாலருக்குப் போகிறது. நம் பரணில் இருக்கும் வார்ப்பிரும்பு மிஷினுக்கு அந்த விலை வராது. ஆனால் பெட்டி, சாவி, ஷட்டில், பொன்வேலை எல்லாம் குறையாமல் இருந்து தையலும் ஒழுங்காக விழுந்தால், இரும்பு விலையைப் போலப் பல மடங்கு கேட்கலாம்.

அதற்கு மேல் ஆசை காட்டுகிறவரை நம்பக் கூடாது. 2009-ல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் மிஷினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ இருப்பதாகப் புரளி கிளம்பியது. ஊசியருகே செல்போனைக் கொண்டுபோய், லைன் கட்டானால் பாதரசம் உறுதி என்று சோதனை செய்தார்கள். ஒரு மிஷினுக்கு 2 லட்சம் ரியால் வரை விலை போனதாகச் செய்தி வந்தது. அப்படியொரு பாதரசம் எந்த மிஷினிலும் இல்லை. இரிடியம் கலசம் என்று ஏமாந்தவர்களைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிங்கர் மட்டுமல்ல. 1930களில் இந்தியாவிலேயே உருவான உஷா மிஷினும் காக்க வேண்டியதுதான். இயந்திரங்களைக் கடுமையாக எதிர்த்த காந்தி, 1924-ல் ஜி. ராமச்சந்திரனுடன் பேசியபோது தையல் இயந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். இன்றும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் மிஷின் தருகிறது. கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்குச் சோறு போட்ட பொருளை அழகு மேசைக்குக் காலாகவும், கடை வாசலில் காட்சிக்காகவும் வெட்டி மாட்டுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இதே மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் அகழாய்வில் மண்ணைத் தோண்டிச் சங்கு வளையல்களை எடுத்து வைக்கிறோம். இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. அந்தப் பூங்காவில் ஒரு கூடம் ஒதுக்கி, இந்த மாவட்டத்து வீடுகளில் ஓடிய கை மிஷின்களை ஓடும் நிலையிலேயே வைக்க வேண்டும். தளவாய்புரத்தில் தைத்து ஓய்ந்த பெண்களே அவற்றைச் சுற்றிக் காட்டட்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரணிலிருந்து இறக்கியதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் வாங்கியது, எந்தக் கல்யாணத்துக்குச் சீராக வந்தது, யார் தைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, மிஷின் பெட்டிக்குள் வையுங்கள்.